உங்களுக்குத் தெரியுமா? கைபேசிக்குள் ஒரு சக வருஷம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் அன்றாடம் உலவும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில், 7ஆம் பதிப்பு முதற்கொண்டு, 1947 ஆகஸ்டு 15ஐச் 'சக வருஷம் 1869, சிராவண மாதம் 24' என்று கணித்துரைக்க வல்ல 'இந்தியன் கேலண்டர்' என்னும் புரோகிராமிங் கிளாஸ் ஒன்று அமைந்திருக்கிறது!

• பொதுவான 'கேலண்டர்' கிளாஸை நீட்டித்துப் பிறந்தது அது. மாதக் கணக்கு சொந்தம், ஏனையவற்றில் பெரும்பகுதி பிதுரார்ஜிதம்.

• இந்தக் கிளாஸுக்கு மூலமான, சக வருஷத்தைப் பின்பற்றும் இந்திய தேசியப் பஞ்சாங்கம், விஞ்ஞானி மேகநாத சாஹா தலைமை வகித்த குழுவின் சிபாரிசின்பேரில், 1957 மார்ச்சு 22இல் அமலுக்கு வந்தது.

• முதல் மாதமாகிய சைத்ரத்துக்கு இந்தக் கிளாஸ் தரும் எண் 0. தேதியை அச்சிட முற்படும் புரோகிராமர்கள் ஒன்றைக் கூட்டிக்கொள்ள மறவாதிருப்பார்களாக!