மின்னோட்டக் கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலம்

மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றி உருவாகும் காந்தப்புலம் கண்ணுக்குத் தெரியாது. இரும்புத் துருவல், காந்த ஊசி ஆகியவற்றின் துணையால் அதன் வடிவத்தையும் திசையையும் அறியலாம். மின்னோட்டத்தால் காந்த ஊசி விலகுவதை டென்மார்க் அறிவியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் 1820ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

காணும் முறை

கிடைமட்டமான அட்டையின் நடுவே துளையிட்டு, நேர்மின்னோட்டம் பாயும் கம்பியைச் செங்குத்தாகச் செலுத்த வேண்டும். ஒரே கம்பியில் 10 ஆம்பியர் செலுத்துவதற்குப் பதிலாக, 10 சுற்றுகளை ஒன்றாகக் கட்டி 1 ஆம்பியர் செலுத்தலாம். சுற்றின் மறுபக்கம் அட்டையிலிருந்து விலகி இருக்க வேண்டும். துருவலைத் தூவி அட்டையை மெல்லத் தட்டினால் கம்பியை மையமாகக் கொண்ட வட்டங்கள் தோன்றும். தட்டும்போது உராய்வு குறைவதால் துகள்கள் புலத்தின் திசைக்குத் திரும்புகின்றன.

இரு வட்டங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்திலும் புலம் உண்டு. துகள்கள் காந்தமாகிச் சங்கிலிபோல ஒட்டிக்கொள்வதால்தான் தனித்தனிக் கோடுகள் தெரிகின்றன. புலம் வலஞ்சுழியா, இடஞ்சுழியா என்பதைத் துருவல் காட்டாது. அதற்குக் காந்த ஊசி வேண்டும். மின்கலத்தின் முனைகளை மாற்றினால் துருவலின் வடிவம் மாறாது. ஊசி எதிர்த்திசைக்குத் திரும்பும். வலது கைப் பெருவிரல் மின்னோட்டத்தின் திசையைக் காட்டும்படி கம்பியைப் பிடிப்பதாகக் கருதினால், மடங்கிய விரல்கள் புலத்தின் திசையைக் காட்டும்.

வலிமை

நீண்ட நேர்க்கம்பியின் புல வலிமையை மைக்ரோடெஸ்லாவில் பெற, ஆம்பியரில் உள்ள மின்னோட்டத்தை 0.2ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தொலைவால் வகுக்க வேண்டும். 10 ஆம்பியர் கம்பியிலிருந்து 1 செ.மீ. தொலைவில் இது 200 மைக்ரோடெஸ்லா. விழுப்புரம் பகுதியில் புவிக்காந்தப் புலத்தின் கிடைக்கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா.

திண்டிவனம்–விழுப்புரம் இரயில் பாதை

இப்பாதையின் மேல்நிலை மின்கம்பி ஏறத்தாழ வடக்கு வடகிழக்கிலிருந்து தெற்கு தென்மேற்காகச் செல்கிறது. அதில் நேர்மின்னோட்டம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நோக்கிப் பாய்ந்தால், கம்பிக்கு நேர் கீழே அதன் புலம் கிழக்குப் பக்கமாக இருக்கும். 200 ஆம்பியர் மின்னோட்டத்தில் 5 மீட்டர் கீழே அந்தக் கம்பியின் புலம் 8 மைக்ரோடெஸ்லா. ஊசியைச் சில பாகைகள் விலக்க இது போதும்.

உண்மையில் இங்கு ஊசி விலகாது. கம்பியில் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டமே செல்கிறது. புலத்தின் திசை நொடிக்கு 100 முறை தலைகீழாவதால் ஊசியால் அதைப் பின்தொடர முடியாது. 1931இல் மின்மயமான சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் முதலில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் இருந்தது. 1960களில் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டு, மின்மயமாக்கம் விழுப்புரம் வரை நீட்டிக்கப்பட்டது.

எச்சரிக்கை

இரயில் மின்கம்பியைத் தொடாவிட்டாலும், நெருங்கினாலே மின்பொறி பாய்ந்து உயிரிழப்பு ஏற்படலாம். ஆய்வை மின்கலத்தைக் கொண்டு ஆய்வகத்தில் மட்டுமே செய்ய வேண்டும். சுற்றில் மின்தடை ஒன்றைச் சேர்ப்பது கம்பி சூடேறுவதைத் தடுக்கும்.