மெட்வே நதிக்கரையில் ஒரு கடற்படை ஆகாய நிலையம்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் தேம்ஸ் நதியும் மெட்வே நதியும் கடலோடு கலக்குமிடத்தில், இரண்டுக்கும் நடுவே நாக்குப்போல் நீண்டு கிடக்கிறது ஹூ என்னும் தீபகற்பம். அதன் கிழக்கு முனைக்குக் கிரெயின் தீவு என்று பெயர். கிரெயின் என்றதும் தானியம் நினைவுக்கு வரலாம். அதற்கும் இதற்கும் உறவில்லை. பருமணலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லொன்று மருவி இவ்வாறாயிற்று.

சேறும் உப்பங்கழியுமாய்க் கிடந்த இந்தக் கரையைப் பிரிட்டிஷ் கடற்படை நாடியதற்குக் காரணம் உண்டு. நதியின் மேற்புறம் சாத்தம் கப்பற் பட்டறை. எதிர்க்கரையில் ஷியர்னெஸ் துறைமுகம். வடக்கே லண்டனுக்குச் செல்லும் கப்பல் வழி. இவற்றுக்கெல்லாம் வானத்திலிருந்து காவல் வேண்டும் என்று கருதிய கடற்படையினர், 1912-ஆம் ஆண்டின் முடிவில் கிரெயினில் கடல் விமான நிலையத்தையும், 1914-ஆம் ஆண்டில் சில மைல் மேற்கே கிங்ஸ்நார்த்தில் ஆகாயக் கப்பல் நிலையத்தையும் அமைத்தனர். ஆகாயக் கப்பலை மிதக்க வைப்பது ஹைட்ரஜன் வாயு. ஒரு தீப்பொறி போதும், கொட்டகையோடு எரிந்துவிடும். அத்தகைய பொருளை ஊருக்கு நடுவே வைத்திருக்க முடியாதல்லவா?

‘கடல் விமானம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அந்நாளில் புதியதே. ‘ஹைட்ரோ ஏரோப்ளேன்’ என்று நீட்டி முழக்கி வந்த பெயரைச் சுருக்கி, 1913-ஆம் ஆண்டில் ‘ஸீப்ளேன்’ என்ற சொல்லை முன்வைத்தவர் அப்போது கடற்படை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சில். கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்டிருப்போர் கவனிக்கத்தக்க செய்தி இது.

ஆகாயக் கப்பல் விஷயத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தொடக்கமே அபசகுனமாய் அமைந்தது. விக்கர்ஸ் கம்பெனியார் பாரோ துறைமுகத்தில் கட்டிய முதற்கப்பல் 512 அடி நீளமுடையது. ‘மேஃப்ளை’ என்று அதற்குச் செல்லப் பெயர். அது ஈசல் போல் ஓரிரு நாளே வாழும் ஒரு பூச்சியின் பெயர். 1911 செப்டம்பரில் கொட்டகையிலிருந்து வெளியே இழுக்கும்போதே அக்கப்பலின் நடு முதுகு முறிந்தது. பூச்சியாவது ஒரு நாள் பறக்கும். இது ஒருமுறையும் பறக்கவில்லை. ஆகவே 1914 ஆகஸ்டில் போர் மூண்டு பிரிட்டிஷ் சேனை பிரான்சுக்குக் கடல் கடந்தபோது, கிங்ஸ்நார்த்திலிருந்து காவலுக்குச் சென்றவை ‘ஆஸ்ட்ரா டோரஸ்’ என்னும் பிரெஞ்சுக் கப்பலும், ‘பார்ஸவல்’ என்னும் கப்பலுமே. பார்ஸவலோ எதிரி நாடான ஜெர்மனியில் செய்து விற்கப்பட்டது!

1915 பிப்ரவரியில் நிலைமை மாறியது. பிரிட்டிஷ் தீவுகளைச் சூழ்ந்த கடலில் வரும் வணிகக் கப்பல்களை முன்னெச்சரிக்கையின்றியே மூழ்கடிப்பதாக ஜெர்மனி அறிவித்தது. உணவுக்குக் கடலை நம்பிய நாட்டுக்கு இது கழுத்தில் வைத்த கத்தி. கடற்படைத் தலைவர் ஃபிஷர் பிரபு அம்மாத இறுதியில் ஒரு கூட்டம் கூட்டி, சிறிய, மலிவான, விரைவில் செய்யக்கூடிய ஆகாயக் கப்பல்கள் பல உடனே வேண்டும் என்றார். இருவர் ஏறிச்செல்ல வேண்டும். மணிக்கு 40 முதல் 50 மைல் வேகம் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு எண்ணெய், கம்பியில்லாத் தந்தி, 160 ராத்தல் வெடிகுண்டு ஆகியவற்றைச் சுமக்க வேண்டும்.

இதற்குக் கிங்ஸ்நார்த்தில் நெவில் அஸ்போர்ன் என்ற அதிகாரியும் அவருடைய சகாக்களும் கண்ட வழி மிக எளிது. வில்லோஸ் என்பவர் செய்து கடற்படைக்கு விற்றிருந்த பழைய கப்பலொன்றின் வாயுப் பையை எடுத்தார்கள், பி.இ.2சி ரக விமானமொன்றின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு உடலை மட்டும் அதன் கீழே கட்டித் தொங்கவிட்டார்கள். மூன்று வாரத்துக்குள் கப்பல் பறந்தது! பின்வந்தவற்றுக்கு 60,000 கன அடி வாயு கொள்ளும் பைகள் அமைந்தன. பைக்குள்ளே எலும்புக்கூடு கிடையாது. ஹைட்ரஜனுக்கு நடுவே காற்றடைத்த சிறு பைகள் இருக்கும். சுழலியின் பின்னே வீசும் காற்றை ஒரு குழாய் வாங்கி அவற்றை நிரப்பும். உள்ளிருக்கும் அழுத்தம் ஒன்றே உருவத்தைக் காத்தது. அழுத்தம் குறைந்தால் பை துவண்டுவிடும்.

இவ்வகையிலும் இதிலிருந்து வளர்ந்த பெரிய வகைகளிலுமாக இருநூறுக்கு மேற்பட்டவை போர்க்காலத்தில் கட்டப்பட்டன. அவை மூழ்கடித்த எதிரிக் கப்பல்களை எண்ணி அவற்றின் பயனை அளப்பது சரியன்று. நீர்மூழ்கி அந்நாளில் பெரும்பாலும் நீர்மட்டத்தில்தான் ஓடியது. மேலே ஆகாயக் கப்பலைக் கண்டதும் அமிழும். அமிழ்ந்தால் வேகம் குன்றி, இரையைத் துரத்த இயலாது. காவலின் வெற்றி அதுவே.

இத்தகைய காவலுக்கு வழி கண்ட அஸ்போர்னின் முடிவு துயரமானது. ஜெப்பலின் குண்டு வீச வருவது தெரிந்த பின் விமானம் மெல்ல மெல்ல உயரே ஏறுவதற்குள், அது போய்விடும். இறக்கையோடு முழு விமானத்தையே வாயுப் பையின் கீழ் தொங்கவிட்டால், உயரத்திலேயே காத்திருந்து, எதிரி வந்ததும் பையை உதறிவிட்டுப் பாயலாமே என்று அவர் எண்ணினார். 1916 பிப்ரவரி 21-ஆம் தேதி அவரும் டி கூர்சி அயர்லாந்து என்ற அதிகாரியும் தாமே ஏறிச் சோதித்தனர். சுமார் 4,000 அடி உயரத்தில் பை அழுத்தம் இழந்தது. முன்புறக் கட்டு முதலில் விடுபட, விமானம் தலைகீழாய்த் தொங்கிற்று. மற்றக் கட்டுகளும் பாரம் தாங்காமல் அறுந்தன. அயர்லாந்து தூக்கியெறியப்பட்டு மெட்வே நதியில் வீழ்ந்தார். அஸ்போர்ன் விமானத்தோடு ஸ்ட்ரூட் ரயில் நிலைய முற்றத்தில் வீழ்ந்து மாண்டார். அத்துடன் அந்தச் சோதனையும் கைவிடப்பட்டது. தன் யோசனைக்குப் பிறர் உயிரை மட்டும் பணயம் வைக்காத அந்த மனிதரை இன்று பலர் அறியார்.

கிரெயினில் நடந்த வேலை இவ்வளவு பயங்கரமானதன்று. ஆனால் நெடுநாள் நிலைத்தது. கடலில் இறங்க நேர்ந்த விமானத்தை மிதக்க வைக்கும் காற்றுப் பைகள், கப்பல் தளத்தில் இறங்கும் விமானத்தைத் தடுத்து நிறுத்தும் கம்பிகள் ஆகியவை அங்கே, தரையில் அமைத்த போலித் தளத்தின்மேல் சோதிக்கப்பட்டன. இன்றைய விமானந்தாங்கிக் கப்பல்களில் உள்ள கம்பிகளுக்கு மூதாதையர் அவை. இச்சோதனை நிலையம் 1924-ஆம் ஆண்டில் ஃபெலிக்ஸ்டோவுக்கு மாற்றப்பட்டது.

அதே மெட்வே நதிக்கரையில், ராச்செஸ்டரில், ஷார்ட் சகோதரர்களின் தொழிற்சாலை இருந்தது. 1915 ஆகஸ்டில் டார்டனல்ஸ் பகுதியில் முதன்முதலாக ஒரு கப்பலை டார்பிடோவால் தாக்கிய விமானம் அவர்களுடைய ‘ஷார்ட் 184’. பின்னாளில் அவர்கள் கட்டிய பறக்கும் படகொன்றின் பெயர் ‘சிங்கப்பூர்’. 1935 முதல் அது சிலேத்தார் தளத்திலேயே பணிபுரிந்தது. அவர்களுடைய ‘சண்டர்லாண்டு’ ரகம் ஆங்கில விமானப் படைக்காகக் கடைசி முறை பறந்ததும் சிலேத்தாரில்தான். அது 1959 மே மாதம்.

கிங்ஸ்நார்த்தில் உருவான ‘வட கடல்’ ரகக் கப்பலொன்று 1919 பிப்ரவரியில் நூறு மணி நேரத்துக்கு மேல் வானிலேயே நின்றது. ஆனால் போர் முடிந்துவிட்டது. நிலையம் விரைவில் மூடப்பட்டது. பின்னாளில் அங்கு நிலக்கரி மின் நிலையமொன்று எழுந்து, 2012-ஆம் ஆண்டில் அதுவும் ஓய்ந்தது. அதன் பெரும் புகைபோக்கி 2018-ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கிரெயினில் இன்று திரவ எரிவாயு ஏற்றிய கப்பல்கள் வந்து நிற்கின்றன.