யாருக்கு யார் பேசுவது கேட்க வேண்டும்?

டிஜிட்டல் வாக்கி டாக்கி வாங்குவது சுலபம். ஆபத்தில் கைகொடுப்பது காகிதத்தில் போடும் திட்டம்தான்.

இரவு மணி பத்து. ஒரு பெரிய தொழிற்சாலையின் கிடங்கில் புகை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காவலாளி வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்திக் கத்துகிறார். பதில் இல்லை. 200 அடி தள்ளித் தீயணைப்புப் பிரிவினர் அதே ரகக் கருவியை இடுப்பில் செருகியபடி டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். கருவிகளில் கோளாறு இல்லை. இரண்டும் வேறு வேறு குழுக்களில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

பழைய அனலாக் செட்களில் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் இருந்த எல்லோருக்கும் எல்லாம் கேட்டது. இரைச்சல் இருந்தது, ரகசியம் இல்லை. டிஜிட்டல் செட்கள் அப்படியல்ல. யார் பேச்சு யாருக்குக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைத்தால்தான் கேட்கும். மறந்தால் மௌனம்.

பரவலாகப் புழங்கும் டி.எம்.ஆர். முறையை, ஐரோப்பிய தர நிர்ணய அமைப்பான எட்சி 2005-ல் வெளியிட்டது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை இது நேரத்தால் இரண்டாகப் பிரிக்கிறது. 30 மில்லி விநாடி ஒரு பாதைக்கு, அடுத்த 30 இன்னொன்றுக்கு. இந்த வெட்டு காதுக்குத் தெரிவதில்லை. ஒரே ரிப்பீட்டரில் ஒரே சமயத்தில் இரண்டு உரையாடல்கள் நடக்கின்றன.

வசதியோடு வம்பும் வருகிறது. ஒரு பாதையில் பல குழுக்களை வைக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு குழுதான் பேச முடியும். வாகனம் நிறுத்துமிட ஊழியர்களையும் தீயணைப்புப் பிரிவையும் ஒரே பாதையில் போட்டால், லாரி எங்கே நிற்பது என்ற விவாதம் முடியும்வரை தீ காத்திருக்க வேண்டும். அதிகம் பேசும் குழு ஒரு பாதையில், அவசரக் குழு மறு பாதையில் என்று பிரிப்பதே திட்டத்தின் முதல் வேலை.

அடுத்தது வண்ணக் குறியீடு. பெயர்தான் வண்ணம், உண்மையில் அது 0 முதல் 15 வரை ஓர் எண். ரிப்பீட்டரில் ஒன்றும் செட்டில் வேறொன்றும் இருந்தால் தொடர்பே கிடையாது. ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் பக்கத்து நிலையங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

கடைசியாக, ஒவ்வொரு செட்டுக்கும் தனி அடையாள எண். 1.67 கோடிக்கு மேல் எண்கள் இருப்பதால் பஞ்சமில்லை. ஆனாலும் சோம்பலில் ஒரு செட்டின் பதிவை அப்படியே நகலெடுத்து மற்றவற்றில் ஏற்றிவிடுவது உண்டு. ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு அறையில் தெரிவது அந்த எண்தான். ஒரே எண் இரண்டு பேரிடம் இருந்தால் யாரைத் தேடி ஓடுவது? திருடுபோன செட்டைத் தொலைவிலிருந்தே முடக்கப் போனால் நல்ல செட்டும் சேர்ந்து முடங்கும். இந்த விஷயத்தில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் உஷார். உலகம் முழுவதற்கும் பொதுவான பதிவேடு வைத்து ஏழு இலக்க எண் தருகிறார்கள். அதில் இந்தியர்களின் எண்கள் 404 என்று தொடங்குகின்றன.

இதெல்லாம் வெறும் கணக்கு வழக்கு அல்ல என்பதற்கு நியூயார்க் சாட்சி. அந்நகரத் தீயணைப்புத் துறை 2001 மார்ச்சில் டிஜிட்டல் செட்களைக் கொண்டுவந்தது. ஆபத்தில் சிக்கிய ஒரு வீரரின் அழைப்பு கவனிக்கப்படாமல் போனதையடுத்து, சில நாட்களிலேயே அவற்றைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் வீரர்கள் ஏறியது பழைய அனலாக் செட்களுடன்தான். வடக்குக் கோபுரத்தில் வெளியேறும் உத்தரவு பலருக்குக் கேட்கவில்லை. உயரமான கட்டடத்தில் சில செட்கள் எடுபடவில்லை, சிலர் வேறு சேனலில் இருந்தார்கள், ஓய்வு நேரத்தில் ஓடிவந்த சிலரிடம் செட்டே இல்லை என்று 2004-ல் வந்த விசாரணைக் குழு அறிக்கை காரணங்களைச் சொன்னது. அன்று பலியான தீயணைப்பு வீரர்கள் 343 பேர். டிஜிட்டலோ அனலாகோ, யார் எந்தச் சேனலில் இருக்கிறார் என்பது உயிர்ப் பிரச்னை.

இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளுக்கு, விதிகளுக்கு உட்பட்ட குறைந்த சக்திக் கருவிகளுக்கு, 2018 முதல் உரிமம் தேவையில்லை. மற்றவற்றுக்குப் பொதுவாக அரசின் அனுமதி வேண்டும். அலைவரிசை கைக்கு வந்ததும் செட்டைத் திறந்து எண்களைத் தட்டத் தொடங்குவதுதான் வழக்கமான தவறு. முதலில் ஒரு தாளில் யார் யாருடன் பேசுகிறார்கள் என்று எழுத வேண்டும். குழுக்களை அதிலிருந்து பிரிக்க வேண்டும். எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ஓர் அவசரச் சேனலை, எல்லா செட்டிலும் திருகின் அதே இடத்தில் வைக்க வேண்டும். இருட்டிலும் புகையிலும் எழுத்துகளைப் படிக்க முடியாது. விரல்கள்தான் வழி கண்டுபிடிக்கும்.

பிறகு ஒரு நாள், தீ இல்லாத நாளாகப் பார்த்து, காவலாளி பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். 200 அடி தள்ளி டீ குடிப்பவர் நிமிர்ந்தால், திட்டம் சரி.