தொலைநோக்கியிற் பழகும் முறை

புதிய வில்லைத் தொலைநோக்கியை அணுகுவோர் முதலில் விழைவது மிகுந்த உருப்பெருக்கமே. யாமும் அங்ஙனமே விழைந்து, முதல் நாளிரவு யாதுங் காணாது மீண்டோம். பிழை கருவியினதன்று.

பொருளருகு வில்லையின் குவியத்தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க வருவதே உருப்பெருக்கம். முன்னது 900 மில்லிமீட்டராயின், 25 மில்லிமீட்டர்க் கண்ணருகு வில்லை 36 மடங்கும், 10 மில்லிமீட்டர் வில்லை 90 மடங்கும் பெருக்கும். பெருக்கம் மிகுந்தோறும் காணும் வெளி சுருங்கும், ஒளி மங்கும், சிறு நடுக்கமும் பேரதிர்வாய்த் தோன்றும். ஆதலின் பகலிலேயே தொலைவிலுள்ள கோபுரவுச்சியை நோக்கிச் சிறு வழிகாட்டிக் குழாயைப் பெருங்குழாயோடு இசைத்துக்கொண்டு, இரவில் 36 மடங்கிலேயே சந்திரனைக் காணத் தொடங்குக. கலிலேயோ 1610-இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்குக் கருவியாலன்றோ?

ஞாயிற்றை மட்டும், பொருளருகு வில்லையின் முன்னே தக்க ஒளிவடிப்பானைப் பொருத்தாது ஒருபோதும் நோக்கற்க. ஒரு கணத்திற் போன பார்வை மீள்வதரிது.