பட்டாளத்தார் பென்ஷன்: அன்றும் இன்றும்

வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன தெருக்கள் உண்டு. 1965, 1971 போர்களைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று முதுமையின் கடைசிப் படிகளில் நிற்கிறார்கள். அன்று 15 ஆண்டு பணி முடித்து, முப்பத்தைந்து வயதுக்குள் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பிய சிப்பாய்க்குப் பென்ஷன் மட்டும் போதவில்லை. மீதிக்குக் கழனியோ காவலாளி வேலையோ கைகொடுத்தது. 1986-ல் மத்திய அரசின் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 375 ரூபாய். 1996-ல் அது 1,275 ஆனது, 2006-ல் 3,500. 2016 முதல் 9,000, அகவிலைப்படி தனி.

தொகையைவிட உறுத்தியது வேறொன்று. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் உழைத்த இரண்டு நாயக்குகளில், முன்பு ஓய்வுபெற்றவருக்குக் குறைவு, பின்பு வந்தவருக்கு அதிகம். டெல்லி ஜந்தர் மந்தரில் முதியவர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு போராட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான், 2015 நவம்பரில் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ ஆணை வந்தது. 2014 ஜூலை 1 முதல் கணக்கு. இப்போது எண்பது வயதானால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுகிறது. நூறைத் தொட்டால் இரட்டிப்பு.

மருத்துவத்தில் மாற்றம் இன்னும் பெரிது. முன்பெல்லாம் பெரிய நோய் என்றால் தொலைவிலுள்ள ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டும், அல்லது நிலத்தை விற்க வேண்டும். 2003 ஏப்ரலில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். தொடங்கியது. பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கினால் தனியார் மருத்துவமனையிலேயே பணம் கட்டாமல் அறுவை சிகிச்சை. 1996-க்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குச் சந்தாவும் இல்லை. எத்தனையோ இதயங்கள் இதனால் துடித்துக்கொண்டிருக்கின்றன. இதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம். ஆனால் மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரைக்கு எதிரே ‘இருப்பில் இல்லை’ என்று எழுதித் தரும்போது, வெளியே வாங்கி, பில் வைத்து, பணம் திரும்ப வரும்வரை காத்திருக்க எண்பது வயதுக்குத் தெம்பில்லை. அன்று ராணுவ மருத்துவமனையில் எந்த ரெஜிமென்ட் என்று கேட்டார்கள். இன்று தனியார் மருத்துவமனைக் கவுண்டரில் இ.சி.எச்.எஸ். கார்டைக் கேட்கிறார்கள்.

பென்ஷன் வாங்கும் விதமும் மாறிவிட்டது. அன்று நவம்பரில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் உயிரோடு இருப்பதற்குச் சான்று. அலைச்சல்தான், ஆனால் பழைய கூட்டாளிகளைப் பார்க்க அந்த ஒரு நாள் இருந்தது. இன்று விரல்ரேகையோ, போனில் முகமோ போதும். பட்டுவாடா ‘ஸ்பர்ஷ்’ இணையதளத்துக்குப் போய்விட்டது. தேய்ந்த ரேகை பதியாவிட்டால் பேரனைத் தேட வேண்டும். மனைவியின் பெயரை நாற்பது ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஏதோ ஒரு முகாமில் எழுத்தர் ‘முனியம்மா’ என்று பதிந்திருப்பார். ஆதாரில் ‘முனியம்மாள்’ இருக்கும். அந்த ஓர் எழுத்து குடும்ப ஓய்வூதியத்தை மாதக்கணக்கில் நிறுத்திவிடும்.

இத்தனைக்கும் நடுவே யாரும் நிரப்பாத இடம் ஒன்று இருக்கிறது. பணியால் நூறு சதவீத ஊனமுற்றவருக்கு உதவியாளர் படி உண்டு. வயதால் மட்டும் படுக்கையில் விழுந்தவருக்கு அது கிடையாது. அன்று கூட்டுக் குடும்பம் தூக்கி உட்காரவைத்தது. இன்று மகன் பெங்களூரில், மகள் சென்னையில். அறுவை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் தரும் அரசு, அதன் பிறகு வீட்டில் கஞ்சி ஊட்ட ஓர் ஆளுக்கு வழி செய்யவில்லை. அடுத்த ஊதியக் குழு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்யலாம். வீட்டில் ஒரு பழைய பட்டாளத்தார் இருந்தால், அவருடைய பென்ஷன் ஆணையை எடுத்து, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். பிழை இருந்தால், அவர் இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குக் கூட்டிப்போங்கள்.