குதிரையில் தொடங்கும் வெள்ளை

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, சபாக் பெர்ணம் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் சதுரங்கம் பழகும் பிள்ளைகள் எல்லாருக்கும் தனிப் பயிற்றுநர் வாய்ப்பதில்லை. போட்டிக்கு முன் கிடைக்கும் சில மாலைகளில் சிசிலியனுக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று என்று நகர்வு வரிசைகளை மனப்பாடம் செய்யச் சொல்வது அவர்களுக்கு அநியாயம். வெள்ளைக் காய்க்கு ஒரே அமைப்பைக் கற்றுக்கொடுங்கள். அதன் பெயர் கிங்ஸ் இந்தியன் அட்டாக்.

முதலில் குதிரை எஃப்3-க்கு. பிறகு ஜி3 சிப்பாய், ஜி2-இல் பிஷப், காஸ்லிங், டி3, இன்னொரு குதிரை டி2-க்கு, கடைசியாக இ4. ஏழு நகர்வுதான். கறுப்பு எப்படி ஆடினாலும் பெரும்பாலும் இந்த வடிவத்தை எட்டிவிடலாம். ராஜாவும் சீக்கிரம் பத்திரமாகிவிடும்.

வரிசை மட்டும் மாறலாம், மாறவும் வேண்டும். கறுப்பு டி5, இ5 இரண்டிலும் சிப்பாயை நிறுத்திவிட்டால் அடுத்து இ4-க்குத் தள்ளி நம் குதிரையை விரட்டும். அப்போது காஸ்லிங் காத்திருக்கட்டும், டி3 முந்தட்டும். எதிராளி ஆடுவதைப் பார்க்காமல் ஏழையும் கடகடவென்று வைக்கும் பிள்ளை இங்கேதான் அடி வாங்கும்.

இ4-க்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். கறுப்புச் சிப்பாய்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். இ6, டி5, சி5-இல் நின்றால் இ5 என்று ஏறுங்கள். எஃப்6-இல் இருக்கும் குதிரை விலக, கறுப்பு ராஜாவுக்குக் காவல் குறையும். இ1-க்கு வரும் யானை முன்னேறிய சிப்பாயைத் தாங்கும். டி2 குதிரை எஃப்1 வழியாக ராஜா பக்கம் போகும், எச் சிப்பாயும் கூடவே ஏறும். 1967-இல் துனிசியாவின் சூஸ் நகரில் மங்கோலியாவின் மியாக்மர்சுரேனை பாபி ஃபிஷர் வென்றது இப்படித்தான். 31-ஆவது நகர்வில் ராணியையே எச்7-இல் பலி கொடுத்தார். எதிராளி ஆட்டத்தை விட்டுவிட்டார். அந்த ஆட்டத்தைப் பலகையில் ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்க்காத பிள்ளைக்கு இந்த அமைப்பு பாதிதான் தெரியும்.

டி5, இ5-இல் நின்றால் அந்தத் தாக்குதல் கிடையாது. டி5-ஐ வெட்டிவிட்டு யானையை இ1-இல் நிறுத்துங்கள். எஃப்3 குதிரையோடு சேர்ந்து அது இ5 சிப்பாயைக் குறிவைக்கும்.

வளர வளர இதே முதல் நகர்விலிருந்து வேறு வழிகளும் திறக்கும். 1924-இல் நியூயார்க்கில், எட்டு ஆண்டுகள் தோல்வியே காணாத கப்பாபிளாங்காவை ரிச்சர்ட் ரெட்டி வீழ்த்திய ஆட்டமும் குதிரை எஃப்3-இல்தான் தொடங்கியது. 2024 டிசம்பர் 8 அன்று, நமக்குப் பக்கத்திலேயே சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் 11-ஆவது ஆட்டத்தைச் சென்னைப் பிள்ளை குகேஷும் அப்படியே தொடங்கினார். டிங் லிரன் டி5 ஆடியதும் சி4 என்று திரும்பி, 29 நகர்வில் வென்றார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும், ஏழாவது நகர்வின்போது கறுப்புச் சிப்பாய்கள் எந்தெந்தக் கட்டத்தில் நின்றன, அடுத்து தான் ஆடியது என்ன என்று பிள்ளையை ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.