வாணலி அடிக்குப் பின் வந்த தோட்டா

திரையில் போர் – தொடர்

இத்தாலிய நியோரியலிசம் என்று பேச்செடுத்தாலே ஒரு கதை கூடவே வந்துவிடும். போரில் நொறுங்கிய ரோம். ஸ்டூடியோ இல்லை, காசு இல்லை. தெருப் புகைப்படக்காரர்களிடம் கிடைத்த துண்டு ஃபிலிம்களை ஒட்டி ஒட்டி ரொபெர்டோ ரொசெலினி எடுத்த படம் ‘ரோம், திறந்த நகரம்’. கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் 1990களில் படத்தைச் சீரமைத்தவர்கள் நெகட்டிவைப் பிரித்துப் பார்த்தபோது அதில் இருந்தது மூன்றே வகை ஃபிலிம்தான்.

வறுமை பொய்யல்ல. ஜெர்மானியர்கள் ரோமை விட்டு ஓடியது 1944 ஜூனில். 1945 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியபோது சினெசித்தா ஸ்டூடியோவில் அகதிகள் குடியிருந்தார்கள். நாய்ப் பந்தயத்துக்குப் பயன்பட்ட ஒரு பழைய கூடத்தில்தான் கெஸ்டபோ அலுவலகத்தையும் சித்திரவதை அறையையும் செட் போட்டார்கள். ஒலியில்லாமல் எடுத்துவிட்டுப் பிறகு டப்பிங் செய்தார்கள். இதையெல்லாம் சொல்லிச் சொல்லியே, நடந்ததை அப்படியே பிடித்த படம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் படத்துக்குப் பெருமை சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நிஜத்தில் நடந்ததையும் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தெரேசா குல்லாச்சே என்ற பெண், ஐந்து குழந்தைகளின் தாய், மறுபடியும் கர்ப்பிணி. சுற்றிவளைப்பில் பிடிபட்ட கணவரைப் பார்க்க ஒரு ராணுவக் குடியிருப்பின் முன் மற்ற பெண்களோடு கூடியிருந்தவர், 1944 மார்ச் 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். திரைக்கதை எழுதிய செர்ஜியோ அமிதேயியும் ஃபெதெரிகோ ஃபெலினியும் ரொசெலினியும் இவரிலிருந்துதான் படத்தின் நாயகி பீனாவை உருவாக்கினார்கள். ஆனால் பீனா கைம்பெண்; ஒரே மகன்; வயிற்றில் பிள்ளை; சாகும் அன்றுதான் அவளுக்கு மறுமணம். சாவு நடக்கும் இடமும் ராணுவக் குடியிருப்பிலிருந்து ஏழைகளின் அடுக்ககத் தெருவுக்கு மாறிவிடுகிறது.

அந்தச் சாவுக்குச் சற்று முன்னால் என்ன காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். படைவீரர்கள் வீடு வீடாகச் சோதனை போடுகிறார்கள். மேல்மாடியில் பையன்கள் ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள். பாதிரியார் தொன் பியெத்ரோ, சாகக் கிடக்கும் கிழவருக்குக் கடைசிப் பிரார்த்தனை என்று சொல்லிக்கொண்டு மேலே போகிறார். கிழவரோ சாகிற மாதிரி நடிக்க மாட்டேன் என்கிறார். பூட்ஸ் சத்தம் நெருங்குகிறது. வேறு வழியில்லாமல் பாதிரியார் வாணலியால் கிழவர் மண்டையில் ஒரு போடு போடுகிறார். அசல் கூத்துமேடைச் சிரிப்பு. பாதிரியாராக நடித்த ஆல்டோ ஃபப்ரீஸியும், பீனாவாக நடித்த அன்னா மன்யானியும் மேடை நகைச்சுவையில் ஊறியவர்கள். ஃபெலினி சிரிப்புப் பத்திரிகையில் எழுதிப் பழகியவர். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பீனாவின் காதலனை லாரியில் ஏற்றுகிறார்கள். அவள் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறாள். சுடுகிறார்கள். நடுரோட்டில் விழுகிறாள். படம் ஏறக்குறைய பாதியில்தான் இருக்கிறது, நாயகி போய்விட்டாள்.

ஆவணப்படக்காரருக்கு இது வராது. இது நாடகக்காரர்களின் கணக்கு, அதுவும் ஈவிரக்கமில்லாத கணக்கு.

படத்தில் எனக்கு உறுத்தும் இடமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. படத்தின் முடிவில் பாதிரியாரைச் சுட நிறுத்திய இத்தாலியச் சிப்பாய்கள் வேண்டுமென்றே குறி தவறிச் சுடுகிறார்கள்; கடைசியில் கொல்வது ஜெர்மன் அதிகாரி. கொடுமை எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது படம். இருபது ஆண்டுகள் முசோலினியைத் தாங்கிய இத்தாலி எங்கே போனது? இதே ரொசெலினி 1941 முதல் 1943 வரை அந்த ஆட்சிக்கு ஏற்ற போர்ப் படங்கள் மூன்று எடுத்தவர். அதில் ஒன்றின் கதை முசோலினி மகன் விட்டோரியோவுடையது. இந்தப் பழங்கணக்கு தெரிந்தவர்கள் அவரை எளிதில் விட்டுவிடவில்லை. 1945 செப்டம்பரில் ரோமில் பார்த்த மக்களுக்கு அதெல்லாம் பொருட்டாக இல்லை. அந்த ஆண்டு இத்தாலியில் வசூலில் முன்னணியில் நின்ற படம் இது. 1946இல் கான் விழாவின் பெரும்பரிசைப் பெற்ற படங்களில் இதுவும் ஒன்று.

அதே ஆண்டு அவர் எடுத்த ‘பைஸா’வில் நாயகியும் இல்லை, முழுநீளக் கதையும் இல்லை. சிசிலியில் இறங்கும் அமெரிக்கப் படையோடு வடக்கே நகரும் ஆறு துண்டுக் கதைகள். அது அடுத்த வாரம்.